முந்நூறு உறுப்பினர், ஒரே எக்செல் கோப்பு: எந்தத் திறமூல மென்பொருளுக்கு மாறுவது?

முந்நூறுக்கும் சற்று மேலே உறுப்பினர்கள் உள்ள ஒரு சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறீர்கள். பதிவுகள் ஓர் எக்செல் கோப்பில் இருக்கின்றன. அதன் பிரதி ஒன்று பொருளாளரிடம், ஒன்று உங்களிடம், இரண்டும் ஒத்துப்போகவில்லை. செலவில்லாத ஒரு திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்வது எளிது, கீழே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாகப் படுகிறது. இன்றைய தேதியில் யார் உறுப்பினர், யார் இல்லை என்று கேட்டால் ஆதாரத்தோடு பதில் சொல்ல முடியுமா என்பது ஒன்று. நீங்கள் பொறுப்பை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பதிவேடு உயிரோடு இருக்குமா என்பது இன்னொன்று. இவை இரண்டும் தெளிவானால், மென்பொருள் எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

பதினைந்து ஆண்டுகளாக விளையாட்டுக் கழகங்கள், வாசகர் வட்டங்கள், ஒரே தொழில் செய்பவர்களின் சங்கங்கள் என்று பல அமைப்புகளுக்கு இந்த மாற்றத்தைச் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சந்தேகமே இல்லாமல் சொல்வேன்: எக்செல்லில் இருந்த ஒரே காரணத்தால் எந்தப் பதிவேடும் கெட்டுப்போனதை நான் பார்த்ததில்லை. ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று வைத்து, அந்த வரிக்குள்ளேயே எல்லாவற்றையும் அடைத்ததால்தான் கெட்டது. பெயர், முகவரி, சேர்ந்த தேதி, பிறகு 'சந்தா 2021', 'சந்தா 2022' என்று வலப்பக்கமாக வளர்ந்துகொண்டே போகும் நெடுவரிசைகள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒன்று, அதில் 'பாதி கட்டிவிட்டார், மீதி அவர் அண்ணன் தருவார்' என்பதுபோல ஒரு வாக்கியம். உங்கள் கோப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். இதை அப்படியே தூக்கி ஒரு நல்ல மென்பொருளுக்குள் போட்டால் அதே குழப்பம் அங்கேயும் தொடரும்.

அந்த ஒரு வரியில் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: ஆள், அவர் உறுப்பினராக இருந்த காலம், அவர் கட்டிய பணம். ஆள் ஒருவர்தான், ஆனால் அவருக்கு உறுப்பினர் காலங்கள் பல இருக்கலாம். 2015 முதல் 2018 வரை சாதாரண உறுப்பினராக இருந்திருப்பார், இரண்டு வருடம் விலகியிருந்திருப்பார், அப்புறம் ஆயுட்கால உறுப்பினராகத் திரும்பியிருப்பார். ஒரு காலத்துக்குரிய பணம் இரண்டு தவணையாக வரலாம். ஒரே தொகையில் ஒரு வீட்டின் மூன்று பேருக்கும் சந்தா கட்டப்பட்டிருக்கலாம். ஆகவே மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும், உறுப்பினர் எண் அவற்றை இணைக்க வேண்டும். கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல் உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை, அதாவது தகவலைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்து இணைக்கும் முறையை, முன்வைத்தபோது அவரை உறுத்திய சிக்கல்களில் இதுவும் ஒன்று. ஒரே தகவல் பல இடங்களில் எழுதப்பட்டால் என்றாவது ஒருநாள் அவை ஒன்றோடொன்று முரண்படும். உங்கள் பிரதியும் பொருளாளரின் பிரதியும் இன்று அப்படித்தான் முரண்பட்டு நிற்கின்றன.

பழைய காலத்தை அழிக்காமல் வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு நானே ஒரு தரவுத்தளம் அமைத்துக் கொடுத்தேன். அதில் 'செல்லுபடியாகும் தேதி' என்று ஒரே ஒரு புலம். சந்தா வந்ததும் அந்தத் தேதியை ஒரு வருடம் தள்ளி வைப்பார்கள். நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு தேர்தல் வந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உறுப்பினராக இருப்பவரே போட்டியிடலாம் என்பது அவர்கள் விதி. வேட்பாளர் ஒருவர் தொடர்ந்து இருந்தேன் என்றார், நடுவில் ஏழு மாதம் இடைவெளி உண்டு என்றார் இன்னொருவர். தரவுத்தளத்தில் கடைசித் தேதி மட்டுமே இருந்தது, முந்தையவை ஒவ்வொரு முறையும் அழிந்துபோயிருந்தன. பழைய ரசீதுப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து இரண்டு நாள் உட்கார்ந்து சரிபார்த்தோம். வேட்பாளர் சொன்னதுதான் உண்மை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் அந்த இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அது முழுக்க என் வடிவமைப்பின் பிழை. அன்றிலிருந்து எந்த மென்பொருளைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது, புதுப்பிக்கும்போது பழைய காலம் என்ன ஆகிறது என்பதைத்தான்.

அந்தக் கண்ணோடு பார்த்தால், உங்கள் அளவுக்கு நான் முதலில் சொல்வது கலெட். பிரான்ஸில் சிறு சங்கங்களுக்காகவே உருவானது, பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு இயங்கும். இதில் ஒவ்வொரு சந்தாவும் தனக்கென்று தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கொண்ட தனிப் பதிவு. அதனால் ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தாலும் இடைவெளி எங்கே விழுந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். உறுப்பினர் அட்டை, முகவரிச் சீட்டு அச்சிடலாம், சந்தா முடியப்போகிறது என்று நினைவூட்டல் அனுப்பலாம். இதைத் தாண்டி அதிகம் செய்யாது, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். புதிதாகப் பொறுப்பேற்பவர் ஒரு மாலை நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் சங்கத்துக்குள் பல குழுக்கள் இருந்தால், அதாவது இளையோர் அணி, பயிற்சியாளர்கள், நிர்வாகக் குழு என்று ஒரே ஆள் பல இடங்களில் இருந்தால், ஜெர்மனியில் தோன்றிய அட்மிடியோவைப் பாருங்கள். அதன் மையம் 'பொறுப்பு' என்ற கருத்து. யார் எந்தப் பொறுப்பில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தார் என்பதை வைத்தே எல்லாம் நடக்கிறது. விலகியவர்கள் அழிக்கப்படாமல் முன்னாள் உறுப்பினர்களாகத் தங்குவார்கள். யார் எந்தப் பட்டியலைப் பார்க்கலாம் என்ற அனுமதியும் பொறுப்பின்படிதான். மாவட்டம், வட்டம், கிளை என்று பல அடுக்குகள் கொண்ட பெரிய அமைப்பு என்றால் சுவிட்சர்லாந்திலிருந்து வரும் ஹிடோபிடோ அதற்கென்றே செய்யப்பட்டது. முந்நூறு பேருக்கு அது தேவைப்படாது. டோலிபார் அடிப்படையில் ஒரு வணிக மேலாண்மை மென்பொருள், உறுப்பினர் பிரிவு அதில் ஒரு பகுதி. சங்கம் ஏற்கெனவே விற்பனை, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க நினைத்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

எல்லோரும் சொல்லும் பெயர் சிவிசிஆர்எம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதன் பெயரை நம்பி இறங்கி நடுவில் நிற்கிறார்கள். 2005-இல் வெளிவந்தது, இன்றும் மாதந்தோறும் புதிய பதிப்பு வருகிறது. வேர்ட்பிரஸ், ட்ருபல், ஜூம்லா ஆகிய இணையதளம் அமைக்கும் மென்பொருள்களோடு இணைந்து இயங்கும். உறுப்பினர் நிலையை நீங்கள் கையால் எழுத வேண்டாம், தேதிகளிலிருந்து அதுவே கணக்கிடும். நிறுவியவுடன் இருக்கும் விதிகளின்படி சேர்ந்து மூன்று மாதம் வரை 'புதியவர்', அதன்பின் 'நடப்பு', காலம் முடிந்து ஒரு மாதம் வரை 'சலுகைக் காலம்', அதற்கப்புறம் 'காலாவதி'. இந்த விதிகளை மாற்றிக்கொள்ளலாம். சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடமா, ஆண்டுக்கு ஆண்டு எல்லோருக்கும் ஒரே தேதியில் முடிவதா என்பதையும் வகைக்கு வகை வேறாக வைக்கலாம். குடும்பத்தில் ஒருவர் கட்டினால் மற்றவர்களுக்கும் உறுப்பினர் நிலை உறவு வழியாகப் போய்ச் சேரும்படி அமைக்கலாம். நன்கொடை, நிகழ்ச்சிப் பதிவு, மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. சிவிசிஆர்எம்மில் புதுப்பித்தால் பெரும்பாலும் அதே உறுப்பினர் பதிவின் முடிவுத் தேதிதான் நீள்கிறது. வரலாறு தொலைவதில்லை, ஆனால் அதைப் பணப் பதிவுகளிலும் செயல்பாட்டுக் குறிப்புகளிலும் தேடி எடுக்க வேண்டும். நிலை தானாக மாறுவதும் நினைவூட்டல் போவதும் சர்வரில் (மென்பொருள் இயங்கும் இணையக் கணினியில்) நேரம் குறித்து ஓடும் ஒரு பணியை நம்பி இருக்கின்றன. அதை அமைக்காமல் விட்டுவிட்டு, 'காலாவதியானவர்களை எல்லாம் நடப்பு உறுப்பினர் என்றே காட்டுகிறது' என்று என்னிடம் வந்தவர்கள் பலர். சர்வர் பக்கம் பழக்கமுள்ள ஒருவர் உங்களோடு நிரந்தரமாக இருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் முந்நூறு பேருக்கு இது பெரிய வண்டி. இது என் கருத்துதான். வேறு அனுபவமுள்ளவர்கள் மாற்றிச் சொல்லலாம்.

எக்செல்லையே தொடரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டுமே பதிவு செய்கிறார், நூறு பேருக்குள்தான் உறுப்பினர்கள் என்றால், மேலே சொன்ன மூன்று அட்டவணைகளை மூன்று தனித்தாள்களாக லிப்ரே ஆபிஸ் கால்க்கில் வைத்தால் போதும் என்பேன். அதுவும் திறமூலம்தான். உங்கள் நிலை வேறு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதுகிறீர்கள், அதுதான் இப்படிப்பட்ட கோப்பின் எல்லை.

'செலவில்லாமல்' என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். மேலே சொன்ன உறுப்பினர் மென்பொருள்கள் ஜிபிஎல் அல்லது ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருகின்றன. பயன்படுத்த, மாற்ற, பகிர உரிமை உண்டு, உரிமக் கட்டணம் இல்லை. ஏஜிபிஎல்லில் கூடுதலாக ஒரு கடமை: நிரலை மாற்றி, அதை இணையம் வழியாகப் பிறர் பயன்படுத்தக் கொடுத்தால், அந்த மாற்றிய மூலநிரலை அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். வந்தபடியே நிறுவிப் பயன்படுத்தும் சங்கத்துக்கு இதில் கவலையில்லை. ஆனால் சர்வர் வாடகை, தளப் பெயர் (இணையதள முகவரி), ஒருவருடைய நேரம், இவற்றுக்குச் செலவு உண்டு. மூன்றாவதுதான் எப்போதும் பெரியது. மென்பொருளை நிறுவுவது ஒருநாள் வேலை, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது வருடக்கணக்கில் நீளும். பிஎச்பி 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றன. அதற்குப் பிறகும் அதே பதிப்பில் உறுப்பினர்களின் முகவரியையும் பிறந்த தேதியையும் இணையத்தில் வைத்திருந்த சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அலட்சியமாக இல்லை, நிறுவியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான் நடந்தது. ஆகவே முடிவெடுக்கும் முன் நிர்வாகக் குழுவில் கேளுங்கள்: இதை மாதம் ஒருமுறை திறந்து புதுப்பிக்கப்போவது யார், அவர் இல்லாதபோது யார்? இரண்டு பெயர் கிடைக்கவில்லை என்றால், அதே திறமூல மென்பொருளைப் பணம் வாங்கிக்கொண்டு தங்கள் சர்வரில் நடத்தித் தருபவர்களிடம் கொடுப்பது நல்லது. தரவை மொத்தமாக இறக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியும் வரை, அதில் உங்கள் சுதந்திரம் எதுவும் குறைவதில்லை.

இனி உண்மையான உழைப்பு எங்கே என்று சொல்கிறேன். பழைய கோப்பைச் சுத்தம் செய்வதில்தான் நேரத்தின் பெரும்பகுதி போகும். முதலில் உறுப்பினர் எண். ஒருமுறை கொடுத்த எண்ணை, அவர் விலகினாலும் இறந்தாலும், இன்னொருவருக்குத் தரக்கூடாது. எண்ணுக்குள் வருடம், கிளை, வகை என்று அர்த்தங்களைத் திணிக்காதீர்கள். கிளை மாறினால் எண் பொய்யாகிவிடும். மின்னஞ்சலையோ தொலைபேசி எண்ணையோ அடையாளமாக வைக்காதீர்கள், கணவனும் மனைவியும் ஒரே மின்னஞ்சலை வைத்திருப்பது சாதாரணம். இரட்டைப் பதிவுகளைப் பிடிக்கப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவார்கள். பிறந்த தேதி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் சேர்த்து ஒப்பிட்டு, இறுதி முடிவை ஒரு மனிதர்தான் எடுக்க வேண்டும்.

பெரும்பாலான மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கும். உலகில் எல்லோருடைய பெயரும் அப்படிப் பிரிவதில்லை. முதலெழுத்தும் ஒரு பெயரும் மட்டுமே உள்ளவர்களை எந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்று முன்கூட்டியே ஒரு விதி எழுதிவையுங்கள். இந்த ஒரு விதி இல்லாததால் அகரவரிசைப் பட்டியல் பாதிப் பேருக்கு முதலெழுத்தின்படியும் பாதிப் பேருக்குப் பெயரின்படியும் அமைந்துபோவதைப் பல இடங்களில் சரிசெய்திருக்கிறேன்.

தரவை மாற்றுவது சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வழியாகத்தான் நடக்கும். அதில் மூன்று இடங்களில் கை சுடும். தேதிகளை எப்போதும் 2024-03-07 என்ற வடிவில் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மார்ச் ஏழு ஜூலை மூன்றாகிவிடும். தவறு நடந்ததே தெரியாது, ஏனென்றால் இரண்டும் செல்லுபடியாகும் தேதிகள். தொலைபேசி எண்ணின் முன்னால் உள்ள சைபரை எக்செல் எண் என்று நினைத்து விழுங்கிவிடும், அந்த நெடுவரிசையை எழுத்து வடிவமாக மாற்றிய பிறகே தட்டச்சு செய்யுங்கள். மூன்றாவது எழுத்துக் குறியாக்கம், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை. கோப்பு யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தும், அதை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால் தமிழ் புரியாத குறிகளாகத் தெரியலாம், பயந்துவிடாதீர்கள். கெட்டது கோப்பு இல்லை, திறந்த விதம்தான். ஆனால் அந்த நிலையிலேயே சேமித்தால் உண்மையாகவே கெட்டுப்போகும். லிப்ரே ஆபிஸ் கால்க் திறக்கும் முன்பே குறியாக்கத்தைக் கேட்பதால் நான் அதையே பயன்படுத்துகிறேன். பழைய எழுத்துருக்களில், யூனிகோடுக்கு முந்தைய முறையில் தட்டிய பெயர்கள் இருந்தால் அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

தமிழில் அச்சிடப்போகிறீர்கள் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. பிடிஎஃப் உருவாக்கும் நிரல்களில் சில, தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோர்ப்பதில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். திரையில் சரியாக இருக்கும், அட்டையில் தப்பாக இருக்கும். முடிவெடுக்கும் முன் 'கோபாலகிருஷ்ணன்', 'பொன்னம்மாள்', 'சௌந்தரராஜன்' போன்ற பெயர்களைப் போட்டு ஓர் அட்டையும் ஒரு ரசீதும் அச்சடித்துப் பாருங்கள். நான் மேலே சொன்ன எந்த மென்பொருளானாலும் சரி, இந்தச் சோதனை இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எந்தத் தகவலைச் சேகரிப்பது என்பதில் என் நிலை கறாரானது. பயன்படுத்தப்போகாத எதையும் கேட்காதீர்கள். படிவத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக அடையாள அட்டை எண், தொழில், வருமானம் என்று வாங்கி வைத்தால் அதைக் காப்பாற்றும் பொறுப்பும் உங்களுடையது. விலகியவர்களின் விவரத்தை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தையும் சங்க விதிகளையும் பொறுத்தது. இதில் நான் பொதுவாக ஒரு பதில் சொன்னால் தவறாகிவிடும், சட்டம் அறிந்த ஒருவரைக் கேளுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்கு ஒரு வாக்கா, தலைக்கு ஒரு வாக்கா என்பதும் அப்படித்தான். விதிநூல் சொல்லாததை எந்த மென்பொருளாலும் தீர்மானிக்க முடியாது. அது தெளிவில்லை என்றால் அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்துவிட்டு அப்புறம் மென்பொருளில் அமையுங்கள்.

காப்புப் பிரதியில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மீட்டெடுத்துப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ணாதீர்கள். தரவுத்தளத்தின் முழுப் பிரதி தினமும் தானாக எடுக்கப்பட்டு சர்வருக்கு வெளியே ஓரிடத்துக்குப் போகட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு கணினியில் ஏற்றி, பத்துப் பேரின் பதிவைத் திறந்து பாருங்கள். இதோடு, வருடத்துக்கு ஒருமுறை மூன்று அட்டவணைகளையும் சிஎஸ்வியாக இறக்கி, எந்த நெடுவரிசைக்கு என்ன பொருள் என்ற ஒரு பக்கக் குறிப்புடன் சங்கத்தின் ஆவணங்களோடு வையுங்கள். மென்பொருளே நின்றுபோனாலும் அடுத்தவர் அதிலிருந்து தொடங்கலாம். நிர்வாகக் கடவுச்சொல், தளப் பெயர் ஆகியவை உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதிவாகாமல் சங்கத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் இருக்கட்டும். ஒரு வாசகர் வட்டத்தில் முன்னாள் செயலாளர் வெளிநாடு போய்விட, தளப் பெயரை மீட்கவே நான்கு மாதம் ஆனது.

மாறும் நேரத்தையும் யோசித்து வையுங்கள். சந்தா குவியும் மாதத்தில் தொடங்காமல், அது முடிந்து அமைதியான காலத்தில் தொடங்குங்கள். முதலில் உங்கள் பிரதியையும் பொருளாளர் பிரதியையும் வரிவரியாக ஒப்பிட்டு ஒன்றாக்குங்கள். வேறுபடும் இடங்களில் ரசீதைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ரசீது இல்லாதவர்களிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். பிறகு இருபது பேரை மட்டும் கலெட்டில் ஏற்றிப் பாருங்கள். அவர்களில் ஒரு குடும்பம், ஓர் ஆயுட்கால உறுப்பினர், விலகித் திரும்பி வந்த ஒருவர், தவணையில் கட்டுபவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த இருபதும் சரியாக வந்தால் மீதியை ஏற்றலாம். வராவிட்டால் அதே இருபதை அட்மிடியோவில் போட்டுப் பாருங்கள். ஏற்றிய அன்றே பழைய கோப்பை இருவரிடமும் படிக்க மட்டும் முடியும்படி பூட்டிவிடுங்கள். இனி பணம் வந்தால் பொருளாளர் புதிய இடத்தில் மட்டும் எழுத வேண்டும், அவருக்குத் தனி நுழைவுப் பெயரும் முதல் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து உதவ நீங்களும் வேண்டும்.